முன் பிறேக்கைத் தளர்த்தி வைத்தது பற்றி மிலான் கூறியது

முழுப் பெயர்: அந்தோனி மிலான். வயது: 34. மதம்: கத்தோலிக்கம். முகவரி: பழைய ஆறாம் லயம், மேற்பிரிவு, டன்ரோஸ் தோட்டம், பொகவந்தலாவை. தொழில்: மோட்டார் சைக்கிள் பந்தய ஓட்டுநர். வாக்குமூலத்தைத் தமிழில் பதிபவர்: பொலிஸ் சார்ஜன்ட் பத்திநாதன்.

மேற்படி மிலானாகிய நான் கூறுவதாவது:

தொழில் என்ற இடத்தில் சார்ஜன்ட் முதலில் கூலி என்று எழுதினார். நான் மறுத்தேன். "ரேஸ் ஓடுறதெல்லாம் ஒரு தொழிலாடா?" என்று அவர் கேட்டார். கொழும்பில் மோட்டார் சைக்கிள் விற்கும் முத்துலிங்கம் முதலாளி எனக்குச் சம்பளம் கொடுத்துத் தன் அணிக்காக ஓட வைக்கிறார், சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வது தொழில்தான் என்று கூறினேன். அதன் பின்னர் அவர் வெட்டிவிட்டு மேலே உள்ளபடி எழுதினார்.

முகவரி பற்றியும் விளக்கம் கேட்கப்பட்டது. ஆறாம் லயத்தை உடைத்துவிட்டார்களே, அங்கே யார் இருக்கிறார்கள் என்று சார்ஜன்ட் கேட்டார். நான் இருக்கிறேன். அந்த வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களுக்கெல்லாம் கீழே புது வீடுகள் கிடைத்தன. வீடு குடும்பத்துக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என் அம்மா இறந்துவிட்டார். அக்கா சிசிலி வத்தளையில் கட்டிக்கொண்டு போனவள், நத்தார் பண்டிகைக்குப் போன் எடுப்பாள். போகிறவர்கள் கூரைத் தகரங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள், அது அவர்களுடைய தகரம், நான் குறை சொல்லவில்லை. இப்போது என் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் மட்டும்தான் கூரை இருக்கிறது. பக்கத்துக் காம்பராவில் என் வண்டி நிற்கிறது. மழை பெய்தால் மற்றக் காம்பராக்களுக்குள் அது நேராகத் தரையில் விழும் சத்தம் எனக்குக் கேட்கும்.

முத்துலிங்கம் முதலாளியின் மெக்கானிக் லோஜன் என்மீது செய்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. சென்ற ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் நிரோஷன் என்ற இளைஞன் என் வண்டியில் ஓடி விழுந்தான் என்றும், அந்த வண்டியின் முன் பிறேக்கை நான் வேண்டுமென்றே தளர்த்திவிட்டு அவனிடம் சொல்லாமல் மறைத்தேன் என்றும், அவன் விழுவதற்கு முன்பே நான் திரும்பிப் பார்த்ததால் விழுவான் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும் என்றும், விழுந்த பின்னர் அவனை விட்டுவிட்டு வண்டியிடம் ஓடினேன் என்றும் அதில் உள்ளது. இது உண்மை என்று கோர்ட்டில் எடுபட்டால் நான் மறியலுக்குப் போய்ச் சிறைக்குள் கிடக்க வேண்டியதுதான், அதற்குப் பிறகு எந்தப் பந்தயத்திலும் என்னைக் கிட்டவும் எடுக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்தது அந்தத் தொழில் ஒன்றுதான். லோஜன் சொன்னதில் சொல்லாமல் மறைத்தேன் என்பது பொய். மற்றதெல்லாம் நடந்ததுதான். எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

ஏப்ரல் சீசனுக்கு ஆட்கள் வரும் நாட்களில் எங்கள் தோட்டத்து ரோட்டைச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடைத்துப் பந்தயம் வைத்தார்கள். பஜாரில் தொடங்கி, தேயிலை பெக்டரியைச் சுற்றி, திரும்பவும் பஜாருக்கு இறங்கும் ரோட்டு. முத்துலிங்கம் முதலாளிக்கு இரண்டு ஓட்டுநர்கள். ஒருவன் நான், மற்றவன் நிரோஷன். அவன் கொட்டாஞ்சேனைப் பையன், இருபத்திரண்டு வயது, நல்ல கை. முதலாளி வெளிநாட்டிலிருந்து இறக்கிய புது வண்டியை அவனுக்குக் கொடுத்தார். எனக்கு எப்போதும்போல என் பழைய வண்டி. அதை நான் எட்டு வருடமாக ஓட்டுகிறேன், வண்டி என் பெயரில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை நான் வென்றேன். புது வண்டி இரண்டாவதாக வந்தது. அதன் பின்னர் ஆட்கள் ஓடி வந்து படம் எடுத்தார்கள். நான் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். தொப்பி போட்ட ஒருவர் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார், வண்டி முழுதாகப் படத்தில் விழவில்லையாம். நான் தள்ளி நின்றேன். என்ன எஞ்சின், என்ன கார்பரேட்டர், உள்ளே எதை மாற்றியிருக்கிறாய் என்று கேட்டார்கள். ஒருவர்கூட அந்தப் பெக்டரி வளைவில் எப்படித் திரும்பினாய் என்று கேட்கவில்லை. எட்டு வருடமாக இதே கூத்துத்தான். நான் வென்றால் வண்டி நல்ல வண்டி. தோற்றால் மிலானுக்கு வயது போய்விட்டது.

அதன் பின்னர் முதலாளி என்னைக் கூடாரத்துக்குப் பின்னால் அழைத்தார். புது வண்டியை வாங்க வந்த ஆட்கள் அன்று பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். "என்னடா மிலான், எம் மூக்க அறுத்துட்டியே! கெழட்டு எருமைய வச்சிக்கிட்டு நீ குதிரைய முந்துனா, நான் குதிரைய யாருக்கிட்ட விக்கிறது?" என்றார். எருமையும் ஓடாது குதிரையும் ஓடாது முதலாளி, மேலே இருக்கிறவன்தான் ஓட வேண்டும் என்று நான் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், ஆனால் அந்தத் தொப்பிக்காரர் என்னைத் தள்ளி நிற்கச் சொன்ன கோபம் எனக்குள் இருந்தது. அதற்கு முதலாளி, "சரி. நாளைக்கு ரெண்டு பேரும் மாத்தி ஏறுங்க. வண்டியா ஆளான்னு பாத்துருவோம்" என்றார்.

இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைக்க ஒன்றுமில்லை. என் வண்டியில் நிரோஷன் ஏறிக் கடைசியாக வர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அப்படி வந்தால் இத்தனை வருடமும் ஓடியது நான்தான் என்று எல்லாரும் கண்ணால் பார்ப்பார்கள். அவன் தோற்க வேண்டும் என்று நினைத்தேன். விழ வேண்டும் என்று ஒருபோதும் நினைக்கவில்லை. இரண்டும் ஒன்று இல்லை என்று சார்ஜன்டிடம் கூறினேன், அப்படியே எழுதச் சொன்னேன்.

இனி முன் பிறேக் பற்றி. அதை நான் தளர்த்தியது ஞாயிற்றுக்கிழமை இல்லை, வண்டி எனக்குக் கிடைத்த முதல் கிழமையே தளர்த்தியாகிவிட்டது. தோட்டத்தில் வண்டி ஓட்டுகிற எல்லாரும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். எங்கள் ரோட்டில் பாசி, சருகு, களிமண். இறக்கத்தில் முன் சக்கரம் ஒருமுறை நின்றால் ஆள் தேயிலைக்குள்தான். பயம் வந்தால் கை தன் பாட்டில் முன் பிறேக்கைப் பிடிக்கும், அதை யாராலும் தடுக்க முடியாது. ஆகவே பிடித்தாலும் பாதி வரை ஒன்றும் நடக்காதபடி வயரைத் தளர்த்தி வைத்துவிட்டு, கியரைக் குறைத்து, பின் பிறேக்கைக் காலால் மிதித்து இறங்குவோம். கேஸ் சிலிண்டர் கட்டிக்கொண்டு போகிறவனும் அப்படித்தான், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிறவனும் அப்படித்தான். இது உண்மையா என்று அறிய வேறெங்கும் போகத் தேவையில்லை, வாசலில் சார்ஜன்டின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது, அதன் முன் பிறேக்கைப் பிடித்துப் பார்த்தால் போதும் என்று கூறினேன். தானும் மஸ்கெலியாவில் தோட்டத்தில் வளர்ந்தவர்தான் என்றும், இது பதியத் தேவையில்லாத விடயம் என்றும் சார்ஜன்ட் கூறினார். நான் பதியச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் லோஜனிடம் போய், நிரோஷன் கொழும்பு ரோட்டில் பழகியவன், அவன் கை முன் பிறேக்கைத்தான் தேடும், வயரை இறுக்கிக் கொடு என்று கேட்டேன். "முதலாளி ஒரு நட்டக்கூட தொட வேணாம்னு சொல்லிட்டாரு அண்ணே. தொட்டா நாளைக்கு அதையே சாட்டா சொல்லுவாங்க" என்று லோஜன் கூறினான். நானே இறுக்கப் போனபோது நட்டுச் சாவியை எடுத்துத் தன் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இப்போது அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்கிறானாம். அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது, முதலாளியைப் பகைத்துக்கொண்டு அவன் எங்கே போவான்? அவன்மீது எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் ஏன் அப்படிச் சொல்கிறான் என்பதும் விளங்குகிறது.

அதன் பின்னர் வண்டிகளை வரிசையில் நிறுத்தினார்கள். நானும் நிரோஷனும் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம், மற்ற ஓட்டுநர்கள் தள்ளிப் பின்னால் நின்றார்கள். மற்ற ஆட்களை வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் அனுப்பிவிட்டார்கள். அப்போது நான் அவன் பக்கம் குனிந்து, "தம்பி, முன் பிறேக்க நம்பாத. பாதி வரைக்கும் சும்மாதான் வரும். கியரக் கொறச்சி, காலால அமத்து" என்று சொன்னேன். அவன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தான். "பயப்படாதீங்கண்ணே, ஒங்க கெழவிய கீறல் விழாம கொண்டாந்து தாறேன்" என்றான். கிழவி என்று அவன் சொன்னது என் வண்டியை. நான் சொன்னது அவனுக்கு விளங்கியது. அதை யாராவது கேட்டார்களா என்று சார்ஜன்ட் வினவினார். யாரும் கேட்கவில்லை.

அவனைப் பெக்டரி வளைவு வரை ஒருமுறை ஓட்டிப் பழகிவிட்டு வா என்று நான் சொல்லியிருக்கலாம். பந்தயத்துக்கு முன் அதற்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. பழகினால் வென்றுவிடுவானோ என்று இருந்துவிட்டேன். இதுவும் எழுதப்பட வேண்டும்.

அதன் பின்னர் பந்தயம் தொடங்கியது. நான் புது வண்டியில் முதலாவதாகப் போனேன். அந்த வண்டியைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன், அது பெரிய வண்டி. ஏற்றத்தில் இழுக்கிறது, வளைவில் நான் பிழை விட்டாலும் தானே நிமிர்ந்துகொள்கிறது, பிறேக்கைத் தொட்டால் போதும், சொன்னதைக் கேட்கிறது. முதலாளி சொன்னதில் பாதி உண்மை என்று எனக்கு அதில் ஏறிய பிறகுதான் விளங்கியது. ஆனால் மேலே எனக்கு வேலையே இருக்கவில்லை. யாரோ ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்து போகிற மாதிரி இருந்தது. முன்னால் ஆள் இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை, நான் வென்றுகொண்டிருந்தேன், எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

எனக்குப் பின்னால் என் வண்டியின் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. அது விலகிப்போகும் என்று எதிர்பார்த்தேன், விலகவில்லை. மற்ற எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டு அந்தப் பழைய வண்டியை நிரோஷன் என் முதுகுக்குக் கிட்டக் கொண்டுவந்துவிட்டான். ஏற்றத்தில் எந்த இடத்தில் கியரை மாற்ற வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆனால் நான் மாற்றுகிற இடத்திலேயே அவனும் மாற்றினான். அவன் நன்றாக ஓட்டினான். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனுக்கு ஓடத் தெரியவில்லை என்று இப்போது பஜாரில் கதைக்கிறார்கள். அது பொய்.

கடைசிச் சுற்றில் நான் பெக்டரியைத் தாண்டி இறக்கத்தில் திரும்பினேன். அங்கிருந்து பார்த்தால் முடிவுக் கோடும் கொடியும் தெரியும், பின்னால் உள்ள வளைவு தேயிலைக்குள் மறைந்திருக்கும். லோஜன் கேட்பது சரியான கேள்விதான், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பதை அறிந்து நான் எப்படித் திரும்பினேன்? சத்தத்தை வைத்துத்தான். அந்த வளைவுக்குள் போகும்போது எக்சிலேட்டரை விடக் கூடாது, விட்டால் என் வண்டி தொண்டை அடைத்த மாதிரி ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டது. ஆள் பயந்து எக்சிலேட்டரை விட்டுவிட்டான், முன் பிறேக்கைத் தேடுகிறான் என்று எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அதன் பின்னர்தான் விழுந்த சத்தம் வந்தது.

அதன் பின்னர் நான் பந்தயத்தை விட்டுவிட்டு வண்டியைத் திருப்பி, வருகிற வண்டிகளுக்கு எதிராக மேலே போனேன். அப்படிப் போவது பந்தயத்தில் குற்றம் என்று எனக்குத் தெரியும். வளைவில் என் வண்டி ரோட்டில் சரிந்து கிடந்தது, எஞ்சின் நிற்கவில்லை, பின் சக்கரம் சுற்றிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. நான் இறங்கி அதனிடம் ஓடி, எஞ்சினை நிறுத்தி, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். அப்போது ராசம்மா கத்தினாள். ஆறாம் லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் இருந்தவள், இப்போது வண்டி நிற்பது அவளுடைய காம்பராவில்தான். தேயிலைக்குள் நின்று பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அட பாவி! மனுசன் கானுக்குள்ள கெடக்கான், நீ வண்டியவா தூக்குற?" என்று கத்தினாள். நான் வண்டியை விடவில்லை. அவள் இன்னொரு முறை கத்தினாள். அதன் பின்னர்தான் வண்டியைக் கல்லில் சாத்திவிட்டு ரோட்டோர வடிகாலான கானுக்குள் இறங்கினேன்.

நிரோஷன் கானில் ஒரு பக்கமாகக் கிடந்தான். ஹெல்மெட்டின் முன்பகுதி உடைந்திருந்தது. தாடை இடம்மாறி இருந்தது. கண் திறந்திருந்தது. நான் அவன் தலைக்குக் கீழ் கையைக் கொடுத்து, அசையாதே என்று சொன்னேன். அவன் பேச முயன்றான், முடியவில்லை. அம்புலன்ஸ் வரும்வரை என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான், ஏற்றும்போது அவர்கள்தான் அவன் விரல்களைப் பிரித்தார்கள். அவனைக் கண்டிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தாடையைக் கம்பியால் கட்டியிருப்பதால் இன்னும் பேசவில்லை என்று சார்ஜன்ட் கூறித்தான் எனக்குத் தெரியும். நான் பார்க்கப் போனபோது அவன் வீட்டார் உள்ளே விடவில்லை. வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குத் திரும்பினேன்.

நேற்று முத்துலிங்கம் முதலாளி என் காம்பராவுக்கு வந்தார். எட்டு வருடத்தில் இப்போதுதான் வந்தார். கூரையில்லாத காம்பராக்களை எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கயா இருக்கிற?" என்று கேட்டார். அதன் பின்னர் எனக்கு ஒரு வழி சொன்னார். வண்டி பழசு, பிறேக் வயர் தானாக இற்றுவிட்டது, பெற்றோல் ஒழுகி ரோட்டில் ஓடியது, தீப்பிடித்தால் நிரோஷனும் எரிந்துவிடுவான் என்று பயந்துதான் முதலில் வண்டியிடம் ஓடினேன் என்று சொல்லச் சொன்னார். "எல்லாத்தையும் வண்டி மேல போட்டுரு. இரும்புக்கு மறியல் இல்லடா. லோஜன் கம்ப்ளேன்ட வாபஸ் வாங்குவான், நான் பேசுறேன்" என்றார். புது வண்டிகளும் அவருக்கு விற்றுவிடும் என்று எனக்கு விளங்கியது. பழைய வண்டி ஆளை விழுத்தும் என்று பேப்பரில் வந்தால் அவருக்கு நல்லதுதானே. நான் யோசிப்பதாகச் சொல்லி அனுப்பினேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை, அவர் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். என் வீட்டுக்கு ஆள் வந்து நாளாகிவிட்டது.

ஆகவே நான் கூறுவது, வயர் இற்றுப் போகவில்லை. பெற்றோல் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. வண்டியில் ஒரு குறையும் இல்லை, நான் எப்படி வைத்திருந்தேனோ அப்படியே இருந்தது. நான் வென்ற நாளெல்லாம் அது வண்டி செய்த வேலை என்றார்கள், ஒருவன் விழுந்த அன்றைக்கு மட்டும் மிலான் செய்த வேலை என்கிறார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். வென்றதும் நான்தான், வயரைத் தளர்த்தியதும் நான்தான். வண்டியைக் குற்றம் சொல்லி நான் வெளியே வர மாட்டேன்.

அப்படியானால் ஏன் முதலில் வண்டியிடம் போனாய் என்று சார்ஜன்ட் திரும்பவும் கேட்டார். அது கத்திக்கொண்டிருந்தது, நான் போனேன். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பினால் அங்கே எனக்கென்று இருப்பது அது மட்டும்தான், அதனுடன்தான் நான் கதைப்பேன். ஒரு பையன் கானுக்குள் கிடக்கும்போது அவனைவிட அது முதலில் என் கண்ணில் பட்டது. இப்படி ஆகிவிட்டேனே என்று எனக்கு வெட்கமாக இருக்கிறது. ராசம்மா பொலிஸில் என்ன சொல்லியிருந்தாலும் அது சரி.

உன் பக்கம் சாட்சி யாராவது இருக்கிறார்களா என்று கடைசியாகக் கேட்கப்பட்டது. பிறேக்கைப் பற்றி நான் சொன்னபோது கேட்கும் தூரத்தில் நானும் நிரோஷனும் மட்டும்தான் நின்றோம். ஆகவே நிரோஷனைத்தான் சாட்சியாகப் போடச் சொன்னேன். அவன் உனக்கு எதிரான ஆள், அவன் பெயரைப் போடுவது உனக்கு நல்லதில்லை என்று சார்ஜன்ட் எச்சரித்தார். அவன் வாய் திறந்ததும் அவனிடம் கேட்கட்டும். மிலான் அண்ணன் சொல்லவில்லை என்று அவன் சொன்னால், நான் சொல்லவில்லை என்றே எழுதிக்கொள்ளலாம், நான் ஒரு வார்த்தை மறுக்க மாட்டேன். கிடந்தவனை விட்டுவிட்டு இரும்பைத் தூக்கியவன் நான். அவனைத் தவிர எனக்கு வேறு ஆளும் இல்லை.

இதுவரை உள்ளதை சார்ஜன்ட் எனக்கு உரத்து வாசித்துக் காட்டினார். யாரும் என்னை அடித்தோ மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை. இதில் நான் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, எல்லாம் உண்மை என்று ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அ. மிலான்

என் முன்னிலையில் ஒப்பமிடப்பட்டது.
(ஒப்பம்) பத்திநாதன், பொலிஸ் சார்ஜன்ட்